வழி மறித்த ஊர்

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற ரயில் நிலையங்களுள் நம் மனத்தில் முதலில் நிற்பது நியூகாஸில்டன். எடின்பரோவிலிருந்து ஹாயிக் வரை 1849-இல் போடப்பட்ட பாதை, 1862-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரை எட்டியபோது, எல்லையோரத்து இச்சிற்றூருக்கும் ஒரு நிலையம் வாய்த்தது. சர் வால்டர் ஸ்காட்டின் நாவல்களை முன்னிட்டு அதனை ‘வேவர்லி’ பாதை என்றனர்.

பிரிட்டனில் 2,000-க்கு மேற்பட்ட நிலையங்களை நஷ்டக் கணக்குக் காட்டி மூடச் சொல்லிற்று 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கை. அக்கணக்கில் ஊராரின் தேவைக்குப் பத்தி ஒதுக்கவில்லை போலும்!

1969 ஜனவரி 5 இரவு எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கடைசி வண்டி புறப்பட்டது. நள்ளிரவு கடந்து அது வந்தபோது, நியூகாஸில்டன் மக்கள் லெவல் கிராஸிங் கதவுகளை அடைத்துத் தண்டவாளத்தில் நின்றனர். முன்னின்ற பாதிரியாரைப் போலீஸார் கைது செய்தனர். வண்டியிலிருந்த பார்லிமெண்டு அங்கத்தினர் டேவிட் ஸ்டீல் சமரசம் பேசினார்: பாதிரியாரை விடுவிப்பது, மக்கள் வழிவிடுவது. வண்டி போயிற்று. சொந்த ஊர்ப் பெயர்ப்பலகைக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் நமக்கு அவர்களது ஆத்திரம் விளங்காதா?

2015-இல் எடின்பரோ முதல் ட்வீட்பேங்க் வரை சுமார் 30 மைல் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. ஹாயிக்குக்கும் நியூகாஸில்டனுக்கும் இன்னும் வண்டி வரவில்லை.