பூக்கொய்யும் வேளையில் புதியதோர் அரவம்

திங்களூரில் அப்பூதியடிகள் திருமனையில் அன்று பெருமகிழ்ச்சி. நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் திருப்பெயரையே தம் மக்களுக்கும், தண்ணீர்ப் பந்தலுக்கும், சாலைக்கும் இட்டு வாழ்ந்தவர் அவர். அந்த அப்பர் பெருமானே விருந்தினராக எழுந்தருளியிருந்தார். அமுது ஆக்கப்பட்டது. குருத்து வாழையிலை அரிந்து வரும்படி மூத்த மகன் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டான். இலையை அரியும்போது அரவம் ஒன்று அவன் உள்ளங்கையில் தீண்டிற்று. அவன் ஓடிவந்து இலையைத் தாயிடம் சேர்த்துவிட்டு வீழ்ந்தான். அவனை அப்பர் பெருமான் பதிகம் பாடி எழுப்பிய வரலாற்றை அறியாத சைவ இல்லம் இராது.

பெரியபுராணத்தில் அரவம் தீண்டிய நிகழ்ச்சிகள் இன்னும் இரண்டு உண்டு. மயிலையில் சிவநேசரின் மகள் பூம்பாவை நந்தவனத்தில் மலர் கொய்யும்போது தீண்டப்பட்டாள். திருமருகலில் வணிகன் ஒருவன் கோயிலை அடுத்து இரவில் துயிலும்போது தீண்டப்பட்டான். இவ்விருவரையும் எழுப்பியவர் திருஞானசம்பந்தர். இம்மூன்றையும் அருட்செயல்களாகப் படிப்பவர்கள், தீண்டல் நேர்ந்த சூழலைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள். ஒருவன் பார்க்க இயலாத வாழைப் புதருக்குள் கை நீட்டினான். ஒருத்தி பூஞ்செடிகளுக்கிடையே நின்றாள். ஒருவன் இரவில் தரையிலே உறங்கினான். இன்றைய மருத்துவரிடம் பாம்புக்கடி எப்போது நேர்கிறது என்று வினவினாலும் ஏறத்தாழ இந்த மூன்றையே கூறுவார். சேக்கிழார் பெருமான் தமிழ்நாட்டின் கொல்லைப்புறத்தை நன்கு அறிந்தவர்.

இந்த மூன்றும் முதியோரின் அன்றாட வழக்கங்களாகவும் இருக்கின்றன. விடியுமுன் எழுந்து பூசைக்கு நந்தியாவட்டையும் அரளியும் கொய்வது, உதிர்ந்த பவழமல்லியை இருட்டிலேயே தரையிலிருந்து பொறுக்குவது, விரத நாட்களில் பாயில் படுப்பது என இவையெல்லாம் போற்றத்தக்க பழக்கங்களே. ஆனால் பார்வை மங்கிய வயதில், வேலியோரம் நெளியும் உயிர் இன்னதென்று தெரியாதபோதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு வீட்டில் ஊரே கூடித் தடியெடுத்துச் சாதுவான ஒன்றை அடித்துவிட்டுப் பின்னர் நாகதோஷத்திற்கு அஞ்சிப் பரிகாரம் தேடுகிறார்கள். மற்றொரு வீட்டில் கொடிய நஞ்சுடைய ஒன்றைத் தண்ணீர்ப் பாம்பு என்று எண்ணிக் காலால் ஒதுக்குகிறார்கள். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளை ஆராய்ந்த அறிஞர்கள், இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் உயிரிழந்தனர் என்று மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர்.

புதியதோர் அரவத்தைக் கண்டவுடன் செய்ய வேண்டியது, நின்ற இடத்திலிருந்து இரண்டு மூன்று அடி பின்னே செல்வதே. பாம்பு மனிதனைத் துரத்தி வந்து கடிப்பதில்லை. நெருங்கினால், மிதித்தால், வழி மறித்தால்தான் கடிக்கிறது. எட்டு பத்தடித் தொலைவில் நின்று, அது எங்கே செல்கிறது என்பதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். பேரன் பேத்தியரிடம் கைப்பேசி இருந்தால் அங்கிருந்தபடியே படம் எடுக்கலாம். படம் தெளிவாக வரவேண்டும் என்று ஓரடி கூட முன்னே போகக் கூடாது.

தமிழ்நாட்டில் வீடுகளைச் சுற்றித் திரிந்து உயிரைப் பறிக்கவல்லவை பெரும்பாலும் நான்கே: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இடர் என்னவென்றால், இந்நான்கிற்கும் நஞ்சற்ற வேடதாரிகள் உண்டு. அவற்றுள் முதியோர் முதலில் அறிய வேண்டிய இணை கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனுமே.

கட்டுவிரியன் நீலம் படர்ந்த பளபளக்கும் கருநிறம் உடையது. மூன்றடி அளவில் வளரும். உடலின் குறுக்கே மெல்லிய வெண்பட்டைகள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். அப்பட்டைகள் தலைப்பக்கத்தில் மங்கியோ இல்லாமலோ இருந்து, வால் நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவடையும். வெள்ளிக்கோல் வரையன் பழுப்பு நிறத்தது. பெரும்பாலும் ஒன்றரை இரண்டு அடியே நீளம். அதன் பட்டைகள் கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வால்புறத்தில் மங்கிவிடும். பல்லியைத் தேடி வரும் அது, சொரசொரப்பான சுவரிலும் சன்னல் விளிம்பிலும் ஏறும் திறமை உடையது. முன்னே தெளிந்தால் வரையன், பின்னே தெளிந்தால் விரியன் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆயினும் கட்டுவிரியன் குட்டிக்குத் தலையருகிலும் புள்ளிகளும் பட்டைகளும் இருப்பதுண்டு. சட்டை உரிக்கும் காலத்தில் எப்பாம்பின் நிறமும் மங்கித் தோன்றும். ஆகவே இந்த அடையாளம் தொலைவில் நிற்பவருக்கே உரியது. கையில் எடுப்பவருக்கு உரியதன்று.

கட்டுவிரியனைப் பற்றி இவ்வளவு கூறக் காரணம் உண்டு. பகலில் சோம்பிச் சுருண்டு கிடக்கும் அது, இரவில் எலியையும் பல்லியையும் வேறு பாம்புகளையும் தேடி வீட்டிற்குள் புகுகிறது; தரையில் உறங்குவோரின் படுக்கையிலும் நுழைகிறது. அதன் பற்கள் சிறியவை. கடி பல சமயம் எறும்புக் கடி அளவுகூட வலிப்பதில்லை, வீக்கமும் இராது. உறக்கம் கலையாமலே கடிபட்டவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார். இமைகள் தாமாகச் சரியும், விழுங்க இயலாது, நாக்குக் குழறும். அஜீரணம் என்று சோம்புத் தண்ணீர் கொடுப்பவர்களும், முதுமையில் வரும் பக்கவாதம் என்று எண்ணி விடியட்டும் எனக் காத்திருப்பவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்பில் மூச்சுத் தசைகள் தளர்ந்து உயிர் போய்விடுகிறது. தரையில் உறங்கியவருக்கு இவ்வறிகுறிகள் தோன்றினால், கடிவாய் தென்படாவிட்டாலும் பாம்புக்கடியோ என ஐயுற்று உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகக் காணலாம். நல்ல பாம்பு படம் விரித்தால் குழந்தையும் அறியும். விரிக்காதபோது அதுவும் சாதாரணமாகவே தோன்றும். சிலவற்றின் படத்தில் கண்ணாடிக் குறி இராமலும் இருக்கும். அதனோடு மயங்குவது சாரை. பெரிய கண்களும், உதட்டுச் செதில்களில் கருங்கோடுகளும், பகலில் விரைந்தோடும் இயல்பும் சாரைக்கு உரியவை. கண்ணாடி விரியன் பருத்த உடலும் முக்கோணத் தலையும் கொண்டது. முதுகில் கோத்த சங்கிலி போல மூன்று வரிசை வட்டக் குறிகள் இருக்கும். அடுப்பிலேறிய குக்கர் போல அது சீறும் ஓசையைக் கேட்டவர் மறக்கமாட்டார். மலைப்பாம்புக் குட்டி என்றும் மண்ணுளி என்றும் மயங்கி அதைக் கையால் எடுத்தவர்கள் உண்டு. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றுப் பரந்திருக்கும், சங்கிலியாக அமையா. சுருட்டை விரியன் ஓரடிக்குச் சற்று மிகுந்த சிறு பாம்பு. சுருண்டு கிடந்து உடலை உடலோடு உரசி, உப்புத்தாள் தேய்ப்பது போன்ற ஒலி எழுப்பும். சிறிது என்பதால் அதன் நஞ்சு எளியதாகிவிடாது.

வேதாந்த நூல்களில் மங்கிய ஒளியில் கிடந்த கயிற்றைப் பாம்பென்று மயங்குபவனின் உவமை புகழ்பெற்றது. விளக்கைக் கொண்டுவந்தவுடன் அச்சம் அகல்கிறது. இல்லறத்தாருக்கு நேரும் இடர் இதற்கு நேர்மாறானது: பாம்பைக் கயிறென்றும், நஞ்சுள்ளதை நஞ்சற்றதென்றும் மயங்குவது. விளக்கு அங்கும் வேண்டும். விளக்கு வந்தும் ஐயம் தீராவிட்டால், அதை நஞ்சுள்ளதாகவே கருதி விலகி நிற்பதே தகும்.

பரம்பரையாகச் சொல்லப்படும் சில செய்திகளையும் இங்கே சீர்தூக்க வேண்டும். சாரையும் நாகமும் பிணைந்து நிற்பதைக் கண்டதாகக் கூறுவோர் பலர். அவ்வாறு முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பவை பெரும்பாலும் ஆண் சாரைகள் இரண்டு. அது வலிமையைக் காட்டும் மற்போர். கொம்பேறி மூக்கன் கடித்தவனின் சிதைப் புகையை மரத்திலிருந்து காணும் என்பது கதை. உண்மையில் அது பல்லியையும் தவளையையும் தின்று வாழும் நஞ்சற்ற உயிர். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்ற பழியும் வீணானதே.

பால் வார்ப்பது பற்றியும் கூறியாக வேண்டும். பாம்பின் உணவு எலி, தவளை, பல்லி முதலியவை. பால் அதன் உணவன்று. அதைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பாம்பாட்டிகள் பல நாள் நீரின்றி வாட்டிய பாம்பே தாகம் தாளாமல் பாலை உறிஞ்சுகிறது. அதனால் நோயுற்று மடிவதும் உண்டு. முன்னோர் அரசும் வேம்பும் இணைந்த நிழலில் கல்லில் நாகம் செதுக்கி நிறுவியிருக்கிறார்கள். பாலும் மஞ்சளும் அந்தத் திருமேனிக்கு உரியவை. நாகர்கோவில் நாகராஜர் சந்நிதியில் மூலவருக்கு மேல் இன்றும் ஓலைக் கூரையே வேய்கிறார்கள். நாகம் தன் இயல்பான இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. உயிருள்ள பாம்பிற்குச் செய்யத்தக்க வழிபாடு, அது செல்லும் வழியை விட்டு விலகுவதே. சாரை ஒன்று கொல்லையில் இருந்தால் எலிகள் குறையும். எலி குறைந்தால் அதைத் தேடி வரும் நாகமும் குறையும்.

வீட்டிற்குள் புகுந்துவிட்டால் அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு, 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்கலாம். அவர்கள் வந்து பிடித்துச் செல்வார்கள். அடித்துக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இக்கலையில் தமிழ்நாட்டில் இருளர் பெருமக்களுக்கு நிகர் இல்லை. மண்ணில் பதிந்த தடத்தையும் உரித்த சட்டையையும் கொண்டே இன்ன பாம்பு என்று கூறவல்லவர்கள் அவர்கள். செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போரின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. மேற்சொன்ன நான்கு பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்தே நச்சு முறிவு மருந்து உருவாகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்த மருந்தைப் பற்றி ஒவ்வொரு வீட்டாரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது நான்கு பாம்புகளின் நஞ்சையும் ஒருசேர முறிக்கும் மருந்து. ஆதலால் கடித்தது எது என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. மருத்துவர் அறிகுறிகளைப் பார்க்கிறார். சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று காண்கிறார். அதன்படி முடிவு செய்கிறார். பாம்பைத் தேடிப் பிடித்து, அடித்துப் பையில் கொண்டு செல்ல முற்பட்டு இரண்டாவது ஆளும் கடிபடுவதற்குத் தேவையே இல்லை.

கடிபட்டவரை நடக்கவிடலாகாது. மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை வீங்குமுன் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் வைக்க வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேட்டையே தரும். 108 வாகனத்தை அழைத்து, நச்சு முறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். வழியில் மந்திரிப்பவர் வீட்டில் நிறுத்தும் அரை மணி நேரத்தில் பல உயிர்கள் போயிருக்கின்றன. திங்களூரில் அப்பர் அருளிய விடந்தீர்த்த திருப்பதிகத்தை மனமுருக ஓத விரும்புபவர்கள், ஓடும் வாகனத்தில் நோயாளியின் அருகே அமர்ந்து ஓதிக்கொண்டே செல்லலாம்.

பூக்கொய்யும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. கையில் ஒரு டார்ச்சு விளக்கும், காலில் மூடிய செருப்பும், முன்னே தரையைத் தட்டிச் செல்ல ஒரு கோலும் போதும். தரையின் அதிர்வை உணர்ந்து பாம்பு தானே விலகும். பாயில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்கு செருகிக்கொள்ள வேண்டும். பவழமல்லி மரத்தடியில் மாலையிலேயே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவைத்தால், இரவெல்லாம் உதிரும் மலர்கள் மண் படாமல் அதில் சேரும். விடிந்து வெளிச்சம் வந்தபின், துணியின் மேல் மலரைத் தவிர வேறெதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.