ஆங்கிலத்தை உயர்த்தியோர்

ஆங்கில இலக்கிய வரலாறு என்றவுடன் பெயர்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்வதே நம் மாணவர் வழக்கமாகிவிட்டது. அப்பட்டியலுள் மறைந்து கிடக்கும் துணிவை நாம் காணத் தவறுகிறோம்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அரசவையில் பிரெஞ்சும் கல்வியில் இலத்தீனுமே கோலோச்சின. ஆங்கிலம் பாமரர் பேச்சாகவே எண்ணப்பட்டது. பிரெஞ்சும் இலத்தீனும் இத்தாலியமும் அறிந்த சாசர், அப்பேச்சிலேயே 'கேன்டர்பரி கதைகள்' படைத்தார். அதில் மாவாலைக்காரனும் சமையற்காரனும்கூடக் கதை சொல்லுகின்றனர். கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை ஆங்கிலமாக்கி 1526இல் அச்சிட்ட டிண்டேல், 1536இல் சமயத் துரோகி எனக் கொல்லப்பட்டார். இலத்தீனிலும் கவிபாட வல்ல மில்டன், பார்வையிழந்த நிலையில் பிறர் எழுதத் தாம் சொல்லி, 'இழந்த சொர்க்கம்' காப்பியத்தை ஆங்கிலத்திலேயே இயற்றி 1667இல் வெளியிட்டார்.

இம்மூவரும் பிறமொழிகளை வெறுத்தவர் அல்லர். அவற்றில் கற்றதைத் தம் மொழிக்குக் கொணர்ந்தவர்கள். உயர்ந்த எழுத்துக்கு ஏலாதது எனக் கருதப்பட்ட மொழி, இத்தகையோர் எழுத எழுதவே ஏற்றம் பெற்றது. ஆங்கிலம் கற்கும் நம் மாணவர், அம்மொழியின் பெருமையோடு, அதற்குப் பெருமை சேர்த்தோரின் தாய்மொழிப் பற்றையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது நம் கருத்து.