தீவைத் தின்ற சுண்ணாம்பு!

வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஒரு தீவையே கரைக்கலாமா?

தூத்துக்குடிக் கடலில் அப்படித்தான் நடந்தது! பவளப்பாறைகளை வெட்டி, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள்.

பவளப்பாறைதான் தீவுக்கு மதில். மதில் போனது, அலை மணலை அரித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 மூழ்கிவிட்டன. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான்தீவு, 2014-ல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது!

2001-ல் பவளப்பாறைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆனால், வெட்டு உடனே நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகே நின்றது. ஏன்? வெட்டியவர்கள் ஏழைகள், வயிற்றுக்காக வெட்டினார்கள்.

2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கி வான்தீவைக் காக்கிறார்கள். நல்ல காரியம்! அதோடு, ஏழைக்குப் பிழைக்க வழியும் காட்ட வேண்டும். வயிறு நிறைந்தால்தான் சட்டம் நிற்கும்; தீவும் நிற்கும்!