எண்ணிப் பாராத கைப்பழக்கம்

உயிர் ஊசலாடும் குழந்தையின் கட்டிலருகே நிற்கும் மருத்துவர்க்கு ஆராய்ச்சி எதற்கு, கை விரைந்து இயங்கினாற் போதாதா என வினவுவார் பலர். அமெரிக்க ஒன்றியத்தில் குழந்தைக் கடும்பண்டுவத் துறையில் மேற்பயிற்சி மூன்றாண்டு. அதற்குள் ஆய்வுப்பணி ஒன்றையும் செய்து காட்டல் வேண்டும் என்பது அந் நாட்டுக் குழந்தை மருத்துவ வாரியத்தின் நெறி. பண்டுவம் மட்டுமே செய்ய விரும்புவார்க்கு ஈராண்டுப் பயிற்சியும் வைக்கலாம் என 2023-இல் அந் நாட்டு அறிவியற் கழகங்களின் அறிக்கை பரிந்துரைத்தது. மருத்துவர் பற்றாக்குறையை எண்ணி எழுந்த பரிந்துரை அது. எனினும், வெட்டுவதற்கு முதலில் ஆராய்ச்சியே அகப்படும் என்பதே நம் அச்சம்.

கடுங்காய்ச்சலால் குருதியோட்டம் தளர்ந்த குழந்தைக்கு உப்புநீரை விரைந்து ஏற்றுக என்பது செல்வ நாட்டுப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த முறை. ஐயுற்றார் மிகச் சிலர். ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளின் ஆறு மருத்துவமனைகளில், காத்தரின் மேட்லண்டு என்னும் மருத்துவ அம்மையார் தலைமையில் இதனை ஆய்ந்தனர். உப்புநீரோ ஆல்புமின் நீரோ விரைந்து ஏற்றப்பட்டோர், அவ்வாறு ஏற்றப்படாதோர் என 3,141 குழந்தைகளைக் குலுக்கல் முறையிற் பிரித்தனர். 2011-இல் முடிவு வெளிவந்தது. 48 மணி நேரத்துள் இறந்தோர், ஏற்றப்படாதோரில் நூற்றுக்கு 7.3, உப்புநீர் பெற்றோரில் 10.5, ஆல்புமின் பெற்றோரில் 10.6. தீங்கு தெளிவானதும், முன்னர்க் குறித்த தொகை நிரம்பாமுன்னரே ஆய்வை நிறுத்திவிட்டனர்.

இதிற் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நீர் பெற்ற குழந்தைகளிற் பலர் முதல் ஒரு மணி நேரத்தில் தேறியே காணப்பட்டனர். கட்டிலருகே நின்றவர் கண்டது அத் தேற்றத்தை. சாவு பின்னர் வந்தது. நூற்றுக்கு மூவர் கூடுதலாக இறப்பதை எந்தத் தனி மருத்துவரின் கண்ணும், எத்துணைப் பட்டறிவு இருப்பினும், கண்டறிய இயலாது. எண்ணினாலன்றித் தெரியாது! மூச்சுப்பொறி முதலியன நிறைந்த மனைகட்கு இம் முடிவு அப்படியே பொருந்தாது என்பது மெய்தான். ஆனால் எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது எனப் பிரித்தறிவதற்கும் ஆய்வறிவே வேண்டும். கடும்பண்டுவ வாய்ப்பில்லாத இடங்களில், குருதியழுத்தம் தாழாத குழந்தைக்கு இவ்வாறு நீரேற்றலாகாது எனப் பன்னாட்டு நெறியுரை கூறியது 2020-இல்தான்.

ஆகவே, பண்டுவம் மட்டும் செய்யப்போவார்க்கு ஆராய்ச்சிப் பயிற்சி குறைவாயின் போதும் என்பது தலைகீழான வழக்கு. பாடநூல் முறையை நாள்தோறும் குழந்தையின் நரம்பில் ஏற்றப்போகின்றவர் அவரேயன்றோ?

இன்று நடக்கும் பயிற்சியை அப்படியே போற்றவும் நாம் முன்வரவில்லை. இரவுக் காவலுக்கும் அடுத்த இரவுக் காவலுக்கும் இடையே, ஒரே மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டி, நாற்பது ஐம்பது குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கடமையைக் கழிப்பது ஆராய்ச்சியாகாது. அத்துணைச் சிறு தொகையில் நூற்றுக்கு மூவர் வேறுபாடு ஒருநாளும் புலப்படாது. பல மனைகள் கூடி நடத்தும் பேராய்வில் ஒரு பங்கை ஏற்று, குழந்தைகளைச் சேர்த்து, பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டு, எண்களைப் பிழையறக் குறிக்கும் பயிற்சியாளரின் உழைப்பை முழுப்பணியாக மதித்தல் வேண்டும். கட்டுரையில் அவர் பெயர் இருபதாவதாக வரினும் சரியே. அதற்கெனக் காவற்பணி நீங்கிய திங்கள்களை, ஆள் குறைந்தபோது பிடுங்கிக்கொள்ளாதவாறு, மருத்துவமனைகள் எழுத்தில் உறுதி செய்தல் வேண்டும்.