பழைய காருக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்கும் உலகில் ஒரு விசித்திரமான வேடமாற்றம் வழக்கமாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் தயாராகி, கப்பலேறிப் போய் அமெரிக்காவில் விற்பனையான டாட்சன் 240 இசட், ஐம்பது ஆண்டுகள் கழித்து ஜப்பானின் உள்நாட்டுக் கார் போன்ற தோற்றத்தில் விற்பனைக்கு வருகிறது. டாட்சன் எழுத்துகளைக் கழற்றிவிட்டு ‘ஃபேர்லேடி இசட்’ என்ற பெயரை ஒட்டுகிறார்கள். முன் மட்கார்டுகளில் துளை போட்டுக் கண்ணாடிகளை மாட்டுகிறார்கள். ஜப்பானில் 1983 வரை பின்புறம் பார்க்கும் கண்ணாடியை மட்கார்டின் மேல்தான் வைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அதனால் அந்தக் கண்ணாடிகளைக் கண்டதும் ‘அசல் ஜப்பான் வண்டி’ என்ற எண்ணம் வாங்க வந்தவருக்குத் தானாகவே வந்துவிடும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஒரு கார் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பது அதன் வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய தகவல். அதை மறைத்து விற்பது ஏமாற்று வேலை. மறுபடி கண்டுபிடிக்கவே முடியாதபடி அழித்துவிடுவது அதையும்விட மோசம்.

இந்த ஒரு காரிலேயே எத்தனை வேறுபாடு என்று பார்த்தால் விஷயம் விளங்கும். நிசான் நிறுவனம் 1969இல் இதை அறிமுகம் செய்தபோதே சந்தைக்கு ஒரு வகையாகத்தான் திட்டமிட்டது. ஜப்பானில் 2,000 சி.சி.யைத் தாண்டினால் காருக்கு வரி தாறுமாறாக ஏறும். ஆகவே உள்நாட்டு ஃபேர்லேடி இசட்டுக்கு 1,998 சி.சி. எஞ்சின், அதன் சேஸி எண் எஸ்.30 என்று தொடங்கும். அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளுக்கு அந்த எஞ்சின் போதாது என்பதால் ஏற்றுமதிக்கு 2,393 சி.சி. எஞ்சின் வைத்தார்கள். இடதுபக்க ஸ்டீயரிங் என்றால் எச்.எல்.எஸ்.30, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கான வலதுபக்க ஸ்டீயரிங் என்றால் எச்.எஸ்.30. அமெரிக்கக் கிளையின் தலைவராக இருந்த யுடாகா கட்டயாமாவுக்கு ‘ஃபேர்லேடி’ என்ற பெயர் அங்கே எடுபடாது என்று தோன்றியது. எனவே அமெரிக்காவில் அது 240 இசட் ஆனது. மற்ற நாடுகளுக்குப் பெரும்பாலும் ஐந்து கியர், அமெரிக்காவுக்கு நான்கு கியர். இவற்றுக்கெல்லாம் மேலே, ஜப்பானுக்குள் மட்டும் விற்ற 432 என்றொரு அபூர்வ வகை உண்டு: சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம்ஷாஃப்ட். பந்தயக் காரான ஆர்380இன் வழியில் வந்த எஸ்20 எஞ்சின் அதில் இருந்தது. சில நூறு கார்களே செய்யப்பட்ட அந்த வகையின் சேஸி எண் பி.எஸ்.30 என்று தொடங்கும். இன்றைய போலி வேலைகள் பெரும்பாலும் இதைக் குறிவைத்தே நடக்கின்றன.

அப்படியென்றால் சேஸி எண்ணைப் பார்த்தால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. 1971 இறுதியில் ஜப்பானிலும் 2,393 சி.சி. எஞ்சினோடு 240 இசட் வந்தபோது, அதற்கும் எச்.எஸ்.30 என்றே குறியீடு கொடுத்தார்கள். இங்கே முன்னெழுத்து மட்டும் போதாது; பின்னால் வரும் எண் எந்த வரிசையில் விழுகிறது என்பதையும் பார்த்துத்தான் ஆஸ்திரேலியக் காரையும் ஜப்பான் காரையும் பிரிக்க முடியும். போதாக்குறைக்கு, எஞ்சின் அறைக்குள் ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கும் தகட்டைப் புதிதாகவே அச்சடித்து வாங்கிவிடலாம். எஸ்20 எஞ்சினும் அந்தக் கால ஸ்கைலைன் ஜி.டி-ஆர் கார்களில் இருந்ததுதான். ஆக, எஞ்சின் அசலாக இருந்தும் கார் போலியாக இருக்க முடியும். எளிதில் பொய் சொல்ல வைக்க முடியாத இடம் வேறொன்று. பானட்டைத் திறந்தால், எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் பகுதிக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தகட்டில் சேஸி எண்ணை நேரடியாகவே குத்தியிருப்பார்கள். அந்த எழுத்துகளின் ஆழம், இடைவெளி, சுற்றியுள்ள பெயிண்டின் கனம், பக்கத்தில் வெல்டிங் தடம் உண்டா என்பதையெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போன கார் என்றால் டேஷ்போர்டின் மேல், வெளியிலிருந்தே தெரியும்படி எண் தகடு இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தயாரான மாதமும் ஆண்டும் பொறித்த தகடு இருக்கும், அல்லது அது இருந்த ரிவெட் துளைகளாவது மிஞ்சும். 1968 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின் காரணமாக மட்கார்டுகளின் பக்கவாட்டில் முன்னே மஞ்சளாகவும் பின்னே சிவப்பாகவும் சிறு விளக்குகள் வைத்தார்கள். அவற்றைக் கழற்றிப் பட்டி பூசி மூடியிருந்தாலும் மட்கார்டின் உள்பக்கத்தைத் தடவினால் தெரிந்துவிடும். ஸ்பீடோமீட்டர் மைலில் இருந்தால் ஜப்பான் கார் இல்லை என்று ஊகிக்கலாம், ஆனால் பிரிட்டனுக்கும் மைல்தான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சாட்சி ஆகாது. எல்லாம் ஒரே திசையைக் காட்டினால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பிரிட்டிஷ் கார்களில் இவ்வளவு துப்பறியத் தேவையில்லை, ஏனென்றால் பேரேடு இருக்கிறது. ஜாகுவார் ஈ-டைப் 1961இல் வெளிவந்தபோது வலது ஸ்டீயரிங் திறந்த காருக்கு 850001இலும், இடது ஸ்டீயரிங்குக்கு 875001இலும் எண் வரிசை தொடங்கியது. ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட்டிடம் விண்ணப்பித்தால், தொழிற்சாலைப் பதிவின்படி காரின் எஞ்சின் எண், அசல் நிறம், தயாரான தேதி, எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்களோடு சான்றிதழ் தருகிறார்கள். எம்.ஜி.பி. காரிலோ பின்னாளில் சேஸி எண்ணிலேயே அமெரிக்காவைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். இப்படிப் பதிவு இருந்தது பின்னால் எவ்வளவு உதவியது என்பதற்கு ஈ-டைப்பே உதாரணம். 1980களின் பிற்பகுதியில் விலை உச்சத்துக்கு ஏறியபோது, துரு ஏறாத கலிபோர்னியா கார்கள் ஏராளமாக பிரிட்டனுக்குத் திரும்பிவந்து வலது ஸ்டீயரிங்காக மாற்றப்பட்டன. ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியாத அளவுக்கு நல்ல வேலை. ஆனாலும் எண் 875இல் தொடங்கினால் கார் எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படை; வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காத நம் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. இசட் காருக்கு இப்படி எளிதில் கிடைக்கும் சான்றிதழ் இல்லாததால், அதன் இரும்புதான் பத்திரம். இரும்பை வெட்டி ஒட்டினால் பத்திரம் போய்விடும்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அமெரிக்க வகை என்பது சட்டத்தால் முடக்கப்பட்ட வகை, அதைத் திருத்தி வடிவமைப்பாளர் நினைத்தபடி ஆக்குவதே உண்மையான மீட்பு என்கிறார்கள். ஈ-டைப்பைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை இருக்கிறது. 1968இல் புகை விதிகளுக்காக அமெரிக்கக் கார்களில் மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்களுக்குப் பதிலாக இரண்டு ஸ்ட்ராம்பர்க் வைத்தார்கள், வேகம் குறைந்தது. முன்விளக்குகளின் மேல் இருந்த அழகான கண்ணாடி மூடியும் அதற்குச் சற்று முன்பே போய்விட்டது. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் வானத்தை மூடிய புகைமூட்டமும், அதற்கு எதிராக அரசு போட்ட சட்டமும், அதைச் சமாளிக்க ஆலை தேடிய வழியும் அந்தக் காரில்தான் பதிவாகியிருக்கின்றன. அதைத் துடைத்துவிட்டு 1961ஆம் ஆண்டு காராக்கினால், நடந்தே இராத ஒரு வரலாற்றைத்தான் உருவாக்குகிறோம். 240 இசட்டுக்கோ இந்த வாதம் துளியும் பொருந்தாது. அங்கே பெரிய எஞ்சினே அமெரிக்காவை நினைத்து வைத்ததுதான். உள்நாட்டுச் சாதாரண வகையின் எஞ்சின்தான் வரிக்காகச் சுருக்கப்பட்டது. ‘ஜப்பான் வகை தூயது, அமெரிக்க வகை கலப்பு’ என்ற நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. சந்தை கிளப்பிவிட்ட மோகம் அது.

சந்தைக்காகச் செய்யும் மாற்றம் கீழானதல்ல என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு இரண்டு கதவுக் கார். அதன் சட்டகத்தைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள். அதே ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்தபோது, இந்தியக் குடும்பங்களுக்காகப் பின்னாளில் நான்கு கதவு வைத்தது. உலகில் வேறெங்கும் வராத வகை அது. யாராவது அதன் பின்கதவுகளை வெல்டிங் செய்து அடைத்துவிட்டு ‘பிரிட்டிஷ் அசல்’ என்று விற்றால், மீட்டெடுத்தார் என்றா சொல்வோம்?

என் கார், என் காசு, என் விருப்பம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மட்கார்டுக் கண்ணாடி பிடித்தால் மாட்டிக்கொள்ளட்டும், ஐந்து கியர் போடட்டும். போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்கு வரும் மாற்றம் எதுவும் யாருக்கும் கெடுதல் இல்லை. எண் குத்திய தகட்டை வெட்டுவதும், கதவுத் தகட்டைப் பிடுங்கி எறிவதும், விற்கும்போது வாய் மூடிக்கொள்வதும்தான் கூடாது. இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்றும் சிலர் கேட்கலாம். இருக்கட்டும், பணக்காரரை ஏமாற்றினாலும் மோசடி மோசடிதான்.

செய்ய வேண்டியது சிறிய காரியம். ஏல நிறுவனங்களும் விற்பனையாளர்களும் விளம்பரத்தில் ஆண்டையும் கிலோமீட்டரையும் போடுவது போலவே, ‘எந்தச் சந்தைக்காகத் தயாரானது, அதற்கு ஆதாரம் என்ன’ என்ற ஒரு வரியைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதட்டும். உண்மையைச் சொன்னால் விலை விழுந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் 2020 ஜனவரியைத் திரும்பிப் பார்க்கலாம். வேடம் எதுவும் போடாத, அமெரிக்காவுக்காகச் செய்த ஒரு 1971 டாட்சன் 240 இசட் அந்த மாதம் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்கு விலைபோனது.