நாலு கிழமை பொறுக்கச் சொல்லும் வைத்தியம்

எங்கட வயதில் இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பு வேலைதான். பின்னேரம் பிள்ளையின் தமிழ் வீட்டுப்பாடம், பகலில் பெற்றோரோடு ஆஸ்பத்திரி. இந்த வருடம் எனக்கு வாய்த்தது மாமாவின் சதையி. (இந்தியாவில் கணையம் என்பார்கள். அம்மா ஊரில் படித்த சொல் சதையி. இரண்டையும் தெரிந்து வைத்திருங்கோ.)

பித்தக்கல் ஒன்று போய் அடைத்து, சதையியில் அழற்சி. சில நாளில் எடுத்த ஸ்கானில் அதைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது. இப்போதைக்கு எடுக்கமாட்டோம், பார்ப்போம் என்றார் டொக்டர். மாமி என் பக்கம் திரும்பினா. "தண்ணி நிக்குது எண்டுறார், எடுக்கமாட்டம் எண்டுறார். வயசான ஆள் எண்டு கைவிட்டிட்டினமோ?" குடும்ப வாட்ஸ்அப்பில் அதற்குள் சென்னைக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"பொறுத்துப் பார்ப்போம்" என்பதை அப்படியே தமிழில் சொன்னால் கைவிரித்த மாதிரித்தான் கேட்கும். கட்டு பழுக்கமுதல் கீறக்கூடாது என்று ஊரில் சொல்லுவார்களே, அதைச் சொன்னேன். மாமிக்கு உடனே பிடிபட்டது. முழுக்கப் பொருந்தும் உவமை இல்லை. இங்கே காத்திருப்பது சீழுக்காக அல்ல, சுவருக்காக.

முதல் கிழமைகளில் அந்த நீருக்குச் சரியான எல்லை கிடையாது. பலருக்கு அது தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் ஏறக்குறைய நாலு கிழமையில் உடம்பே அதைச் சுற்றி ஒரு உறை கட்டும். 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாடும் இந்த நாலு கிழமையை வைத்துத்தான் பெயர் பிரிக்கிறது. உறைக்குள் வெறும் நீர் என்றால் ஒரு பெயர், செத்த திசுவும் கிடந்தால் வேறு பெயர்.

உறை ஏன் வேணும்? சிகிச்சை வயிற்றைக் கிழித்து நடப்பதில்லை. வாய் வழியாக இரைப்பைக்குள் எண்டோஸ்கோப் போகும். அதன் நுனியில் அல்ட்ராசவுண்ட் இருக்கும். இரத்தக் குழாய்களை விலக்கி, இரைப்பைச் சுவரைத் தாண்டி அந்தப் பைக்குள் துளை போட்டு, ஒரு உலோக ஸ்டென்ட் வைப்பார்கள். உடுக்கை மாதிரி: இரண்டு முனையும் அகலம், நடு ஒடுக்கம். அது இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடிக்க, நீர் இரைப்பைக்குள் வடியும். பிடிக்கச் சுவரே இல்லாவிட்டால் உள்ளே ஒழுகும். செத்த திசு கிடந்தால் அதே துளை வழியாகப் போய் எடுப்பார்கள். அதற்குச் சிலவேளை பலமுறை போகவேண்டி வரும்.

நெதர்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். செத்த திசுவில் கிருமி தொற்றிய 104 பேர்; ஒரு பகுதிக்கு உடனே வடித்தார்கள், மற்றப் பகுதிக்கு உறை கட்டும்வரை பொறுத்தார்கள். 2021இல் வந்த முடிவு: உடனே வடித்ததால் கூடுதல் நன்மை இல்லை. பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு அன்டிபயோட்டிக்கே போதுமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் நான் போட்டது இதை மட்டும்தான். டிக்கெட் கதை நின்றது.

அதே நாட்டில் 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், எண்டோஸ்கோப் வழியும் சத்திரசிகிச்சை வழியும் உயிரிழப்பிலும் பெரிய சிக்கல்களிலும் வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் எண்டோஸ்கோப்பில் சதையிச் சாறு வெளியே கசியும் சிக்கல் குறைவு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளும் குறைவு.

பொறுப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. காய்ச்சல், கூடும் நோ, ஓயாத வாந்தி, கண் மஞ்சளாவது, இரத்தமாக வாந்தி அல்லது கருப்பு மலம், இதில் எது வந்தாலும் நாள் எண்ணிக்கொண்டு இருக்காமல் உடனே போகவேணும். மாமாவுக்கு ஆறாம் கிழமை சாப்பாடு இறங்காமல் போனது. பை இரைப்பையை அமத்தியிருந்தது. அப்போதுதான் வடித்தார்கள். இரண்டாம் நாள் கஞ்சி குடித்தார்.

இப்படி யாருக்கும் வந்தால் டொக்டரிடம் கேளுங்கோ: உறை கட்டிவிட்டதா, உள்ளே நீரா திசுவா, பித்தப்பையை எப்போது எடுப்பீர்கள்? கல்லால் வந்த அழற்சி என்றால் கடைசிக் கேள்வியை விடவேண்டாம், பித்தப்பை இருக்கும்வரை திரும்பவும் வரலாம். ஸ்டென்ட் எடுக்கும் திகதியை அன்றைக்கே கலண்டரில் போடுங்கோ. உலோக ஸ்டென்டைப் பொதுவாக மூன்று நாலு கிழமையில் எடுத்துவிடுவார்கள். கனநாள் விட்டால் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. நோ போனபிறகு "இனி என்னத்துக்கு?" என்று மாமா மாதிரி ஆட்கள் கேட்பார்கள். கூட்டிக்கொண்டு போகவேண்டியது நாங்கள்தான்.