பிரிண்டர் வரலையா? ஃபார்மேட் அடிக்காதீங்க சாமி!

மதுரையில எந்தக் கடையில பிரிண்டர் மக்கர் பண்ணாலும் ஒரே வைத்தியம்தான் சொல்றாங்க. "சிஸ்டத்தை ஃபார்மேட் அடிங்க, சரியாயிடும்." கால்ல முள்ளு குத்துனா காலையே எடுத்துடுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கும் எனக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சேன். போன வாரம் நடந்த கூத்துக்கு அப்புறம் எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன்.

மாட்டுத்தாவணி பக்கம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். ரெண்டு கம்ப்யூட்டர், வைஃபையில ஒரு லேசர் பிரிண்டர். வர்றவங்க பென்டிரைவ்ல கொண்டுவர்ற வைரஸுக்குப் பயந்து ரெண்டுலயும் உபுண்டு லினக்ஸ். அன்னிக்குக் காலையில கரண்டு போய் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு தாள் வெளிய வரல. வாசல்ல ஒரு பொண்ணு, மேலூர்ல இருந்து அப்பாவோட வந்து ஹால் டிக்கெட்டுக்கு நிக்குது. பத்து மணிக்குப் பரீட்சை. மணி எட்டேகால். பக்கத்துக் கடை இன்னும் தொறக்கல.

"அண்ணே, சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டேன். ஃபார்மேட்தான் பண்ணணுமாம், ஐநூறு ரூவா, சாயங்காலம் வர்றேங்குறாருண்ணே" என்றார் தம்பி. அந்தப் பொண்ணோட அப்பா மூஞ்சியைப் பாக்க முடியல.

நான் டெர்மினலைத் தொறந்தேன். கருப்புத் திரையைப் பாத்ததும் தம்பிக்கு வேர்த்துடுச்சு. "அண்ணே, எதையும் அழிச்சுப்புடாதீங்க!" (ஃபார்மேட் அடிக்கச் சம்மதிச்ச ஆளு சொல்றதைப் பாருங்க.)

நான் எதையும் மாத்தல, கேள்விதான் கேட்டேன். முதல் கேள்வி, எல்பிஸ்டாட். அதோட -ஓ சேத்தா வரிசையில நிக்குற வேலைகளைச் சொல்லும். பதினோரு வேலை நின்னுச்சு, பூராம் அதே ஹால் டிக்கெட்! வரல வரலன்னு தம்பி அமுக்கிக்கிட்டே இருந்திருக்கார். -பி போட்டா பிரிண்டரோட நிலைமை. "பிரிண்டர் பதில் சொல்லல"ன்னு வந்துச்சு. -வி போட்டா எந்த முகவரிக்கு அனுப்புதுன்னு தெரியும். 5ல முடியுற ஒரு ஐபி எண். அந்த எண்ணுக்கு ஒரு பிங் அடிச்சேன். சத்தமே இல்ல.

அடுத்து பிரிண்டர்ல இருக்குற பட்டனை அமுக்கி, நெட்வொர்க் ரிப்போர்ட் தாளை எடுத்தேன். தாள் ஜம்முன்னு வந்துச்சு. அப்ப பிரிண்டருக்கு ஒரு நோவும் இல்ல. தாள்ல இருந்த முகவரி 9ல முடிஞ்சுச்சு. அம்புட்டுத்தான் விஷயம்!

கரண்டு போய் வரும்போது எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்துல எந்திரிச்சு, ரவுட்டர்கிட்ட "எனக்கு ஒரு எண் குடு"ன்னு கேக்கும். மலிவு ரவுட்டர் பலதும் பழைய கணக்கை ஞாபகம் வச்சுக்காது. வந்தவங்களுக்கு வந்த வரிசையில குடுத்துடும். பிரிண்டர் புது வீட்டுக்குப் போயிடுச்சு, கம்ப்யூட்டர் பழைய வீட்டுக்கே லெட்டர் போட்டுக்கிட்டு இருக்கு.

கேன்சல் -ஏ போட்டு வரிசையைத் தொடச்சேன் (இல்லேன்னா பதினோரு ஹால் டிக்கெட் வந்திருக்கும்). எல்பிஅட்மின் வச்சுப் புது முகவரியைக் குடுத்தேன். தாள் வந்துச்சு. சில நேரம் வரிசையே நின்னு போயிருக்கும், அப்ப கப்ஸ்எனேபிள் போட்டு முடுக்கணும். இங்க அது தேவைப்படல. மொத்தம் பத்து நிமிஷம். அப்பாவும் பொண்ணும் ஓடினதுக்கு அப்புறம், ரவுட்டர்ல அந்தப் பிரிண்டருக்குன்னு ஒரு எண்ணை நிரந்தரமா ஒதுக்கி வச்சோம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஃபார்மேட் அடிச்சிருந்தாலும் இது சரியாகியிருக்கும்! ஏன்னா அதுக்கப்புறம் பிரிண்டரைப் புதுசா சேப்பாங்க, புது முகவரியும் சேந்து வந்துடும். நோய் தீந்தது முகவரி மாறுனதால, பேரு வாங்குறது ஃபார்மேட். அதனாலதான் இந்த மூடநம்பிக்கை சாக மாட்டேங்குது. அடுத்த தடவை கரண்டு போனா? திரும்ப ஐநூறு ரூவா, திரும்ப ஒரு நாள் யாவாரம் போச்சு.

பிரிண்டர்கிட்ட "உனக்கு என்ன கோளாறு"ன்னு கேக்குற உரிமை சும்மா வந்ததில்ல மக்களே. 1980 வாக்குல அமெரிக்காவுல எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு நெட்வொர்க் லேசர் பிரிண்டர் குடுத்துச்சு. தாள் சிக்குனா யாருக்கும் தகவல் வராது. பழைய பிரிண்டர்ல ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி, தகவல் வர்ற மாதிரி பண்ணியிருந்தார். புதுசுக்கு மூலநிரலே கெடைக்கல. அந்தக் கடுப்பும் சேந்துதான் அவரைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளுச்சு. 1983ல ஜிஎன்யூ திட்டத்தை அறிவிச்சார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது கப்ஸ். அது மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999ல வெளிவந்த கட்டற்ற மென்பொருள். எல்லாம் தொறந்து கெடக்கு. என்ன நடந்துச்சுன்னு வரிவரியா எழுதுற எரர் லாக் கூட இருக்கு. நாமதான் ஒரு வார்த்தை கேக்காம அழிச்சுப்புடுறோம்.

"ஜெராக்ஸ் கடைக்காரருக்கு கருப்புத் திரை எதுக்குப்பா?"ன்னு சிலர் கேப்பீங்க. நியாயம்தான். எல்லாரும் கட்டளை மனப்பாடம் பண்ணணும்னு நான் சொல்லல. ஆனா கேக்க வேண்டிய வரிசை நாலே நாலுதான்: வேலை வரிசையில நிக்குதா? எந்த முகவரிக்குப் போகுது? அந்த முகவரி பதில் சொல்லுதா? பிரிண்டர் தானா ஒரு தாள் அடிக்குதா? விண்டோஸுக்கும் இதே கேள்விகள்தான், கட்டளை மட்டும் வேற. அங்க வரிசை சிக்கிக்கிட்டா ஸ்பூலரை நிறுத்தி, தேங்கிக் கெடக்குற ஃபைல்களை அழிச்சுட்டுத் திரும்ப ஓட்டுனாப் போதும்.

அந்த நாலு கேள்வியையும் கட்டளையோட தமிழ்ல ஒரு தாள்ல அடிச்சு, கடைச் சுவத்துல ஒட்டிட்டு வந்திருக்கேன். அந்தப் பிரிண்டர்லயேதான் அடிச்சது :-) தம்பி காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

உங்க தெரு ஜெராக்ஸ் கடையில அப்படி ஒரு தாள் ஒட்டுனா என்ன? யோசிங்க மக்களே.